எல்லாம் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது

என் தம்பி வென்றவை பல. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை வழுக்கி விழுந்து மூன்றாம் தடவை வென்றான். எங்கள் குடும்பத்தின் முதல் கல்லூரிப் பட்டத்தை வென்றான். போன இடமெல்லாம் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று வாசல்வரை வந்து வழியனுப்பிய நேர்முகத் தேர்வுகளுக்குப் பிறகு, ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் சுழல் நாற்காலி ஒன்றை வென்றான். அதில் உட்கார்ந்த நாளிலிருந்து தமிழில் ஒரு பக்கத்தைக்கூட முழுதாகப் படிக்காமல், கைப்பேசிச் செயலிகளின் தமிழ்ப் பதிப்புகளுக்குப் பொறுப்பாளர் என்ற பதவியை வென்றான். போன வருஷம், தான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஒரு செயலியைச் சிறப்பாகத் தமிழில் கொண்டுவந்ததற்காகக் கேடயமும் வென்றான். அது எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது. நான்தான் தூசி துடைக்கிறேன். பெருமையாக இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் பெருமை கண்ணை மறைக்க நான் விட்டதில்லை. என் தம்பி தனி ஆள் இல்லை, ஓர் இனம். நூறு சதவீதக்காரர்கள் என்று அந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டம் இருந்தால் அதை நிரப்பிவிடுவார்கள். எதைப் போட்டு நிரப்பினீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இவர்கள் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். ஒரு செயலி தமிழ் பேச வேண்டுமென்றால், அதிலுள்ள வாக்கியங்களையெல்லாம் உருவி ஓர் அட்டவணையில் அடுக்குகிறார்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழுக்குக் காலிக் கட்டம். கட்டங்கள் நிரம்ப நிரம்ப, மேலே ஒரு பட்டை சிவப்பிலிருந்து மஞ்சளாகி, எல்லாம் நிரம்பியதும் பச்சையாகிறது. எழுதுவது மொழிபெயர்ப்பாளர் வேலை. எழுதியதைக் கைப்பேசியில் திறந்து, எந்தத் திரையில் எந்த வாக்கியம் வருகிறது, வந்த இடத்தில் அது பொருந்துகிறதா என்று பார்ப்பது பொறுப்பாளர் வேலை. நூறு சதவீதக்காரர் பட்டையைப் பார்ப்பார். அவருக்குத் தமிழ் என்பது ஒரு மொழி அல்ல, ஒரு நிறம்.

வாரத்தில் பாதி நாள் எங்கள் சாப்பாட்டு மேஜைதான் அவன் அலுவலகம். அதனால் இந்த இனத்தின் பேச்சுமொழி எனக்கு மனப்பாடம். 'ஆல்மோஸ்ட் முடிஞ்சுடுச்சு சார்' என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை. 'அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்' என்றால் இந்த ஜென்மத்தில் இல்லை. 'யூசர் இதெல்லாம் படிக்க மாட்டாங்க' என்றால் நான் படிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஏதாவது சந்தேகம் கேட்டு எழுதிவிட்டாலோ, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போகும். 'இந்த வரி எந்தத் திரையில் வருகிறது?' கட்டைவிரல். 'இது நோயாளிக்கா, மருத்துவருக்கா?' கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? சூப்பவா முடியும்?

போன மாதம் ஒரு மருத்துவமனைச் செயலி. வீட்டிலிருந்தே மருத்துவரிடம் நேரம் பதிந்துகொள்வதற்கு. அதை எழுதியவர் ஒரு பெண். அவரை நான் நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும். ஒப்பந்த வேலை, அந்த மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். நிதானமாக எழுதுவார், நிதானமாகக் கேட்பார். கடைசியில் சில வரிகளை மட்டும் காலியாக விட்டு, 'இவை எப்போது தோன்றும் என்று தெரியாமல் எழுதினால் தப்பாகிவிடும், திரைகளைப் படமெடுத்து அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தார். என் தம்பி கட்டைவிரல் அனுப்பினான். படம் அனுப்பவில்லை.

வெளியிடுகிற நாள் வந்தது. பட்டை பச்சையாக மறுத்தது. அவன் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, கையில் வெங்காயத்தோடு நின்று கேட்டேன்.

"என்னடா, சாப்பிடலையா?"

"மூணு சதவீதம்க்கா. மூணே மூணு. உயிரை வாங்குது."

"அந்தப் பொண்ணு ஏதோ கேட்டிருந்தாளே?"

"அதெல்லாம் எரர் மெசேஜ்க்கா. தப்பு நடந்தாத்தான் வரும். நம்ம ஆப்ல தப்பே நடக்காது."

இதைச் சொல்லிக்கொண்டே, அந்தப் பெண் எழுதிய ஒரு வாக்கியத்தின் மூலையைப் பிடித்து, ஜன்னல் திரையை இழுக்கிற மாதிரி, காலிக் கட்டங்கள் எல்லாவற்றின் மேலும் கீழ்வரை இழுத்துவிட்டான். எல்லாக் கட்டத்திலும் அதே வாக்கியம் உட்கார்ந்தது. பட்டை பச்சை. "பாத்தியாக்கா? இதான் எக்ஸ்பீரியன்ஸ்" என்று சாப்பிட வந்தான். கொடுப்பினை வேண்டும், இப்படி ஒரு தம்பி கிடைக்க.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. "மாமா, நீங்க ஏன் வரிசையில நிக்கணும்? நம்ம ஆப் இருக்கு" என்று தம்பியே தன் கைப்பேசியில், பெருமைக்காகத் தமிழிலேயே, நேரம் பதிந்தான். 'உங்கள் பதிவு வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று வந்ததைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். மூவரும் கிளம்பினோம்.

மருத்துவமனைக் கூடத்தில் நிற்க இடமில்லை. நாற்காலி கிடைத்தவர்கள் எழுந்திருக்கப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆளுக்கொரு கைப்பேசியை முகப்பு மேஜைப் பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போனான்.

"மேடம், எங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு."

"உங்க பேர்ல எதுவும் பதிவாகலையே சார்."

"இங்க பாருங்க, வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு!"

"காலையிலேருந்து எல்லாருக்கும் வெற்றிதான் சார். டாக்டர் லீவுன்னாலும் வெற்றி, இடம் இல்லைன்னாலும் வெற்றி, நெட் கட்டானாலும் வெற்றி. உங்க பக்கத்துல நிக்கிறாரே அந்தப் பெரியவர், அவருக்கு மூணு தடவை வெற்றி. தோத்தவங்க யாரும் இல்லை. அதான் இடம் பத்தலை."

தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்தேன். இழுத்துவிட்ட அந்தத் திரை அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, "மாப்ளே, என் முட்டி மட்டும் இன்னும் சேமிக்கப்படலையே" என்றார்.

அப்போதுதான் அவன் மேலாளர் கைப்பேசியில் அழைத்தார். கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவில்லை என்று தம்பி ஒலிபெருக்கியைப் போட, எங்களுக்கும் கேட்டது.

"என்னய்யா இது? ஆஸ்பத்திரிக்காரங்க கத்துறாங்க. யார் எழுதினது அந்த வரியெல்லாம்?"

இந்த இடத்தில் இந்த இனம் என்ன சொல்லும்? நீங்கள் நினைத்ததேதான்.

"மொழிபெயர்ப்பாளர் சைட்ல ஏதோ ஆயிருக்கு சார். செக் பண்றேன்."

"செக் என்ன செக்? அந்தம்மா ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல? முடிச்சு விட்டுடு. இன்னிக்கே எனக்கு எழுதி அனுப்பு."

"ஓகே சார்."

எவ்வளவு சுத்தமான காரியம், பாருங்கள். யாரையும் திட்டவில்லை, பொய்கூட முழுதாகச் சொல்லவில்லை. 'ஏதோ', 'சைட்ல', 'ஆயிருக்கு' என்று மூன்று சொல்லில் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண். வாக்கியத்தைப் படிக்காமலே அட்டவணையை நிரப்பியவனுக்கு, ஓர் ஆளைப் பார்க்காமலே அவள் வேலையைக் காலி செய்வதா கஷ்டம்?

கைப்பேசியை அவன் பையில் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அடுத்த அழைப்பு, மறுபடி ஒலிபெருக்கி. அந்தப் பெண்.

"சார், ஆபீஸ்லேருந்து எனக்கும் போன் வந்துச்சு. அந்த வரிங்களை நான் எழுதவே இல்லை சார். காலியா விட்டிருந்தேன். உங்ககிட்ட படம்கூட கேட்டேன், நீங்க சரின்னு போட்டிருந்தீங்க. நீங்கதான சார் கடைசியா பாத்தீங்க? என்ன நடந்துச்சுன்னு நீங்க சொன்னாத்தான் சார் நம்புவாங்க. பொண்ணை இப்பத்தான் புது ஸ்கூல்ல சேர்த்திருக்கேன்."

"பாக்குறேங்க" என்றான் தம்பி.

"என்னடா பாப்பே?" என்றேன் அழைப்பு முடிந்ததும். "பாக்க வேண்டியப்பவே பாக்கலை நீ."

"அக்கா, உனக்குப் புரியாது. என் பிரமோஷன் இந்த மாசம்தான். ஒப்பந்த ஆளுங்கன்னா வேற இடம் கிடைச்சுடும்."

"அப்ப நீயும் வேற இடம் தேடு. உனக்குத்தான் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கே."

என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். "விடு, மாப்ளே யோசிக்கட்டும். அந்தப் பொண்ணுக்குப் போன் வந்தப்ப அது உண்மையைச் சொல்லுச்சு. மாப்ளே, உனக்கு வந்தப்ப 'ஏதோ ஆயிருக்கு'ன்னே. இந்த ரெண்டுல எதுய்யா தமிழ்?"

தம்பி, அந்தப் பெரியவர் நான்காவது தடவையாகத் தன் வெற்றியை முகப்புப் பெண்ணிடம் காட்டிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். அவன் தமிழில் எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எழுதி முடித்ததும் என்னிடம் நீட்டினான். அந்த வரிகளை மொழிபெயர்ப்பாளர் காலியாகத்தான் விட்டிருந்தார், அவற்றை இழுத்து நிரப்பியது நாங்கள், அவர் கேட்ட படங்களை அனுப்பாததும் நாங்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. கீழே, 'இப்படிக்கு, தமிழ்ப் பதிப்புக் குழு.'

"குழுவுல எத்தனை பேருடா?"

"நான்தான்க்கா."

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவனே அந்தக் 'குழு'வை அழித்தான், 'நாங்கள்' எல்லாவற்றையும் 'நான்' ஆக்கினான், தன் பெயரைப் போட்டான், கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

அந்தப் பெண்ணின் வேலை நிலைத்தது. தம்பியின் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது, அவரும் பட்டை பார்ப்பதில் கெட்டிக்காரராம். தம்பி இப்போது செயலியைத் திறந்து பார்க்கிறான். முனகிக்கொண்டேதான் பார்க்கிறான். முழுதாகத் திருந்திவிட்டான் என்று நான் ஜாமீன் கொடுக்க மாட்டேன். இந்த இனம் அவ்வளவு சீக்கிரம் அழியாது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். நேற்று ஏதோ ஒரு செயலி, 'நிபந்தனைகள் அனைத்தையும் படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டத்தை நீட்டியபோது, படித்துவிட்டா தட்டினீர்கள்? அலுவலகத்தில் நீங்கள் கடைசியாகக் கட்டைவிரல் அனுப்பியது எந்தக் கேள்விக்கு? கேட்டவருக்குப் பதில் கிடைத்ததா? 'ஏதோ ஆயிருக்கு' என்று நீங்கள் சொன்னபோது, அந்த 'ஏதோ' யார் தலையில் விழுந்தது? நீங்கள் செய்ததற்குக் கீழே நீங்களே பெயர் போட்ட தேதி ஒன்று இருந்தால் சந்தோஷம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு அது மார்ச் மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.