பரோட்டா மாஸ்டரின் பத்துத் தடவை

திருவண்ணாமலையில் சாமிக்கு அடுத்தபடியாக அதிகம் பேரைத் தன் பின்னால் நடக்க வைத்தவர் எங்கள் பரோட்டா மாஸ்டர்தான். கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நான் கண்ணால் பார்த்தவன்.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ரூம், கீழே இருந்த ஓட்டலில் சாப்பாடு. மாஸ்டரின் பெயர் ஓட்டல் முதலாளிக்கே தெரியாது. பதினைந்து வருஷம் பரோட்டா வீசியதில் அவருடைய வலது மணிக்கட்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது. பூசாத தைலம் இல்லை, போடாத கட்டு இல்லை. ரெண்டு வருஷமாகியும் வலி போகவில்லை. கடைசியில் முதலாளி வேலூரிலிருந்து புது ஆளைக் கூட்டிவந்து பரோட்டாக் கல்லில் நிறுத்திவிட்டு, மாஸ்டரிடம் குருமா வாளியைக் கொடுத்தார்.

"தீபத்துக்குள்ள கை சரியாச்சுன்னா கல்லு உன்னுது மாஸ்டரே. இல்லன்னா இனிமே வாளிதான்."

கார்த்திகை தீபத்துக்கு மூன்று மாதம் இருந்தது. மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பிசியோதெரபி செய்யும் அம்மா, மருந்து கொடுக்காமல் பயிற்சி கொடுத்தார். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, உள்ளங்கையை வானம் பார்க்கவும் தரை பார்க்கவும் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, மூன்று வேளை.

நாலாம் நாள் மாஸ்டரின் கை வீங்கிப்போய், கரண்டி நழுவி, ஒரு பஸ் கண்டக்டரின் சட்டை முழுக்கக் குருமா. நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"எத்தனை தடவ செஞ்சீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நூறுங்க."

"பத்துனுதானே சொன்னேன்?"

"பத்தெல்லாம் நோயாளிங்களுக்குங்க."

அந்த அம்மா கோபப்படவில்லை. "மாவு பிசைஞ்ச உடனே வீசுவீங்களா?"

"அதெப்படிங்க? ஊறணும். இல்லன்னா கிழிஞ்சிடும்."

"கையும் அப்படித்தாங்க. செஞ்சிட்டு ஊற விடணும்."

அதுவரை எந்த வைத்தியரும் அவரிடம் மாவை வைத்துப் பேசியதில்லை. அன்றிலிருந்து பத்து என்றால் பத்துதான். ஆனால் பயிற்சி நேரம் வந்துவிட்டால் இடம் பொருள் பார்க்க மாட்டார். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பவரின் மேசையிலேயே முன்கையை நீட்டிவிடுவார்.

"மாஸ்டர், குருமா..."

"ஏழு... எட்டு... இருங்க, ரெண்டுதான் பாக்கி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரோடு கிரிவலம் போனேன். அடிஅண்ணாமலை அருகே அவருக்கு நேரம் வந்தது. முழங்கையை ஒட்டிவைத்து, உள்ளங்கையைத் திருப்பிக்கொண்டே நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், பின்னால் நாற்பது பேர் பயபக்தியோடு கையைத் திருப்பிக்கொண்டு வருகிறார்கள்.

கீழ்பென்னாத்தூர்க்கார அம்மா ஒருவர் வேகமாக நடந்து வந்து கேட்டார். "இது எந்த லிங்கத்துக்குப்பா?"

"லிங்கத்துக்கு இல்லம்மா, மணிக்கட்டு வலிக்கு."

"அப்டியா, செடியிலருந்து கடலக்கா ஆஞ்சி ஆஞ்சி எனக்கும் வலிக்குது," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா விடாமல் திருப்பினார். மற்றவர்களும் நிறுத்தவில்லை.

இவ்வளவுக்கும், கை தேறும் என்று நான் நம்பவேயில்லை. இந்த வயதில் ஏன் இந்த வீம்பு என்று ஆபீசில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

தீபத்துக்கு முந்தின வாரம், சாயங்காலம். முதலாளி புது ஆளை நகரச் சொன்னார். மாஸ்டர் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். ஓர் உருண்டையை எடுத்துத் தட்டி, வீசினார். முகம் சுளிக்கவில்லை. இன்னொன்று. பத்தாவது முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் முதலாளி.

"கொஞ்ச நேரம் கை ஊறட்டும் மொதலாளி. அப்புறம் அடுத்த பத்து."

முதலாளி குருமா வாளியை எடுத்துப் புது ஆளிடம் நீட்டினார்.

மாஸ்டர் வெந்த முதல் பரோட்டாவை என் இலையில் கொண்டுவந்து போட்டார். "ஒரு ஓரம் தடிச்சிருக்கு சார். நாளைக்குச் சரியாய்டும்."

அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. தடித்திருந்த அந்த ஓரத்தை மட்டும் கடைசி வாய்க்கு ஒதுக்கி வைத்துச் சாப்பிட்டேன்.