லிஃப்ட் கதவை மறித்த மாமனார்

ஆடுகோடி,
சனிக்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை பிரகாஷ் அவர்களுக்கு,

மாமனார் முனிராஜ் எழுதிக்கொள்வது. தாங்களும் சங்கமித்ராவும் நலமா என்று கேட்கவே கை கூசுகிறது. வியாழக்கிழமையிலிருந்து பதினோரு முறை போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. அதில் தவறே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் மேனேஜராக இருக்கும் பதினான்கு மாடிக் கட்டடம் இரண்டு வருஷமாகியும் பாதிக்கு மேல் காலி. வாடகைக்குப் பார்க்க ஒரு பெரிய கம்பெனி வருகிறது, ஒன்பதாவது மாடி நிறைந்திருக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட, தாங்கள் என்னையும் என் பீன்யா ஃபேக்டரி நண்பர்கள் இருபது பேரையும் இஸ்திரி போட்ட சட்டையோடு வரச் சொன்னீர்கள். "கம்ப்யூட்டரையே பாருங்க மாமா, யார் பேசுனாலும் பிஸின்னு சொல்லிடுங்க" என்றீர்கள். இரண்டு மணி நேரம் இருட்டுத் திரையைப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. கம்பெனி சார்பில் வந்த மமதா மேடம் நேராக என்னிடம் வந்து, "இல்லி எஷ்டு வர்ஷ ஆயித்து சார்?" என்று கேட்க, இங்கே எத்தனை வருஷம் என்றதும் வாய்ப் பழக்கத்தில் பீன்யா சர்வீஸைச் சொல்லிவிட்டேன்: "மூவத்தொந்து வர்ஷ, மேடம்." முப்பத்தொரு வருஷம்! கட்டடத்துக்கே வயது இரண்டு. தாங்கள் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். அவர்கள் லிஃப்டில் ஏறப்போகும்போது கிர்ரென்று ஒரு சத்தம். பேரிங் தேய்ந்தால் வருகிற சத்தம். பீன்யாவில் அதை அலட்சியம் செய்து ஒருத்தருக்குக் கை போனதை நேரில் பார்த்தவன் நான். எப்படி மாப்பிள்ளை சும்மா உட்காருவது? ஓடிப்போய்க் கதவை மறித்து, "ஏறாதீங்க மேடம்! பேரிங் போயிருக்கு! நாங்க யாருமே இங்க வேலை செய்யல, ஆனா இது மட்டும் நெசம்!" என்று கத்திவிட்டேன்.

மேடம் ஒன்பது மாடியும் படியில் இறங்கினார். முதலாளி மூச்சிரைக்கப் பின்னால் போனார். கீழே போனதும் தங்களிடம், "நாளையிலேர்ந்து வராதே" என்றாராம். சங்கமித்ரா அழுதுகொண்டே சொன்னாள். பிரசவம் நெருங்குகிற நேரத்தில் தங்கள் வேலையைத் தொலைத்த பாவி நான். ஆனால் அந்தச் சத்தம் மறுபடி கேட்டால் மறுபடியும் மறிப்பேன். அந்த லிஃப்டில் தினமும் ஏறுவது தாங்கள்.

மனமிருந்தால் போனை எடுக்கவும். இல்லாவிட்டாலும் உங்கள் இருவரையும் புத்தர் காக்கட்டும்.

ஆசிகளுடன்,
முனிராஜ்

பி.கு.: கவரை ஒட்டும்போது சங்கமித்ரா போன் செய்தாள். மெக்கானிக் பிரித்துப் பார்த்ததில் பேரிங் புத்தம் புதிதாம். சத்தம் பக்கத்து அறை ஏசி மெஷினுடையதாம். மமதா மேடம், "எந்த பில்டிங்லயும் படிக்கட்ட காட்டவே மாட்டாங்க. இங்க சாமான் அடைக்காம, அகலமா இருக்கு" என்று சொல்லி நான்கு மாடி கேட்டிருக்கிறாராம். தங்களையும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். திங்கட்கிழமை இனிப்போடு ஆபீஸுக்கு வருகிறேன். படியிலேயே ஏறி வருகிறேன்.