துப்பு

கிரீம் பன்னின் கடைசித் துண்டு தொண்டையைத் தாண்டுவதற்குள் மனைவியின் குரல் கேட்டது.

"எங்க போனீங்க? வந்து துப்பிட்டுப் போங்க."

லிஃப்ட் மெக்கானிக் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார். இருபதாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே விசிலடிக்கிற மனுஷன்தான். ஆனால் ஊசி என்ற பேச்சை எடுத்தாலே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார்.

முந்தின நாள்தான் மனைவி கிளினிக்கிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு மெஷினோடு வந்திருந்தாள். "நம்ம ரெண்டு பேர் ரிசல்ட்டும் வந்துடுச்சு. உங்களுக்குத்தான் சர்க்கரையாம். இது எச்சிலைப் பார்த்தே கண்டுபிடிச்சு அவங்களுக்கு அனுப்பிடும். ஏறிச்சுன்னா தினமும் ஊசி. இனிமே பன் பக்கமே போகக் கூடாது."

பஞ்சுக் குச்சியில் துப்பி மெஷினில் சொருக வேண்டியதுதான். துப்பினால் துப்பு துலங்கிவிடும்.

அவர் பாத்ரூமுக்குள் ஓடி, வாய் கொப்பளிக்கும் மருந்தை மூடி மூடியாக ஊற்றிக் கொப்பளித்துவிட்டு வந்து துப்பினார். மெஷின் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி கணீரென்று சொன்னது: "மது அருந்தியதற்கான அறிகுறி."

"காலங்காத்தால குடியா? ஐயையோ, கிளினிக்ல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"உன்னைப் பத்தி அவங்க ஏன் நினைக்கப் போறாங்க?"

மனைவி ஒரு நொடி விழித்தாள். "குடிகாரன் பொண்டாட்டின்னுதான்."

மறுநாளும் பன்னை விட மனசு வரவில்லை. அதனால் மனைவியின் தம்பியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். சிகரெட்டை விட்டு ஒரு வருஷமாயிற்று என்று அக்கா மேல் சத்தியம் செய்திருக்கிற உத்தமன் அவன்.

"மச்சான், இதுல கொஞ்சம் துப்பு."

"என் எச்சில் சுத்தமான எச்சில் மாமா."

"அதுக்குத்தானேடா கேக்கறேன்."

மெஷின் யோசிக்கவே இல்லை. "புகையிலை. மிக அதிகம்."

மனைவி அழுதேவிட்டாள். தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "சிகரெட் உடம்புக்கு ரொம்பக் கெடுதல் மாமா" என்றான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவனைக் காட்டிக்கொடுத்தால் குச்சி மாறின கதையும் சேர்ந்து சந்தி சிரிக்கும்.

"என் மானமே கப்பலேறிடுச்சு" என்று மூக்கைச் சிந்தினாள் மனைவி. "நாளைக்கும் கோளாறா வந்தா நேரா ஊசிதான்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒழுங்காத் துப்புங்க."

மூன்றாம் நாள் மத்தியானம். பயத்தில் பாதிப் பன்தான் உள்ளே இறங்கியது. சோபாவில் மனைவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கடைவாயில் எச்சில் மினுங்கியது. அதைப் பார்த்ததும் அவருக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. குடி கிடையாது, புகை கிடையாது, காபிக்குக்கூட சர்க்கரை போடாதவள். இதைவிட நல்ல எச்சில் எங்கே கிடைக்கும்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியை மெல்ல ஒற்றி எடுத்து மெஷினில் சொருகினார்.

"சர்க்கரை. மிக மிக அதிகம்."

மனைவி துள்ளி எழுந்தாள். "துப்புக்கெட்ட மனுஷா, பன் தின்னீங்களா?"

"தின்னேன்" என்றார் அவர். ஊசி கண் முன்னால் வந்து நின்றதில் எல்லாமே கொட்டிவிட்டது. "தினமும்தான் தின்னேன். ஆனா இது என் எச்சில் இல்ல. நேத்து உன் தம்பியோடது, இன்னைக்கு உன்னோடது. மெஷின்லதான் ஏதோ கோளாறு, சத்தியமா சொல்றேன்."

மனைவியின் முகம் வெளுத்தது. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அவள் பாய்வதற்குள் அவர் எடுத்துவிட்டார். கிளினிக்கிலிருந்து நர்ஸ்.

"அப்பாடா, சார், மெஷின் குடுத்ததிலேர்ந்து உங்க சம்சாரத்துக்குக் குடி, சிகரெட்டுன்னு வந்து நாங்க பயந்தே போயிட்டோம், இன்னைக்குத்தான் அவங்களுக்கு இருக்கிற சர்க்கரை சரியா வந்திருக்கு, நாளைக்கு ஊசிக்கு அவங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க."