செருப்பு யாருடையது என்று சொல்ல மாட்டார்களாம்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் உன் மருமகள் நலமா இல்லையா என்று சொல்ல அவளைப் பார்க்கும் மனநல மருத்துவருக்கே அனுமதி இல்லையாம், நான் எம்மாத்திரம்!

கேள் கதையை. தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் கிடந்த பிள்ளை தானாகப் போய் வைத்தியம் பார்க்கிறாளே, தேறுகிறாளா என்று பெற்ற மனம் கேட்காதா? அவள் உள்ளே இருக்கும்போதே போய் வரவேற்பறைப் பெண்ணிடம் விசாரித்தேன். "அப்படி ஒருத்தர் இங்க வர்றாங்களான்னே நாங்க சொல்லக் கூடாதுங்க" என்றாள். "அம்மா, அவ செருப்பு உங்க வாசல்லதான் கிடக்கு, நான் வாங்கிக் குடுத்தது!" என்றேன். "செருப்பு யாருதுன்னும் சொல்ல மாட்டோம்" என்றாள். வந்த ஆத்திரத்தில் செருப்பை எடுத்துவந்து மேசைமேலேயே வைத்துவிட்டேன், மச்சான்! சத்தம் கேட்டு மருத்துவர் எட்டிப் பார்த்தார். "நான் எதையும் சொல்ல முடியாதுங்க. ஆனா நீங்க சொன்னா கேட்டுக்கலாம். சொன்னதை சம்பந்தப்பட்டவங்ககிட்ட மறைக்க மட்டும் மாட்டேன்" என்றார்.

அடடா, இது போதாதா! மறுநாளே போய்க் கொட்டித் தீர்த்தேன். அவள் அறைக்கு வெளியே இரவெல்லாம் நடந்து காவல் காக்கிறேன், விளக்கு அணைவதே இல்லை, மாத்திரையெல்லாம் பூந்தொட்டி மண்ணுக்குள் கிடக்கிறது என்றேன். மாத்திரை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் உள்ளே என்ன பேசினார்களோ, யார் சொல்வார்? நான் போட்டுக்கொடுத்தது தெரிந்து பிள்ளை ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் இப்போது வேறு மாத்திரை; ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாள். நேற்று இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள். நான் சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தாள், மச்சான், சிரித்தாள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே, அப்பன்காரன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்ததால்தான் பிள்ளை தேறினாள் என்று உன் அக்காவிடம் நீ ஒரு வார்த்தை எடுத்துச் சொல். நான் சொன்னால் எங்கே நம்புகிறாள்!

நீயும் உன் வீட்டாரும் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் வெற்றிகரமான அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சேதி! என்னோடு பேசலாம் என்று உன் மருமகளே மருத்துவருக்கு அனுமதி கொடுத்துவிட்டாள். ஓடினேன். "மாத்திரை விஷயம் சொன்னது பெரிய உதவிங்க. ஆனா அவங்க தூக்கம் கெட்டதுக்குப் பாதிக் காரணம், ராத்திரி பூரா கதவுக்கு வெளிய கேக்குற செருப்புச் சத்தம்" என்றார். உன் அக்காவிடம் மூச்சு விடாதே. செருப்பு யாருடையது என்று அவள் கேட்டாலும் சொல்லாதே.