செயலாளர் எழுதிய மூன்றாவது ஷரத்து

மறுநாள் காலை மகளுக்கு நுழைவுத் தேர்வு. வீட்டில் இன்று ஒரு துளிப் பதற்றம்கூட இருக்கக் கூடாது என்று செயலாளர் முடிவெடுத்தார். முடிவை அவர் அறிவித்த சத்தத்தில் மகளின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

முப்பது வருடம் அச்சகத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பால்காரர் முதல் மாமனார் வரை எல்லோருக்கும் அவர் செயலாளர்தான். தேர்வு என்ற ஏற்பாட்டின் மேலேயே அவருக்குக் கோபம். நான்கு வட்டத்தில் ஒன்றைக் கருப்பாக்கு, உன் அடுத்த நாற்பது வருடம் எப்படி என்று நாங்கள் சொல்கிறோம் என்கிறவனை யார் நம்புவது? ஆனால் எழுதப் போவது சொந்த மகள். அவரோ எட்டாம் வகுப்போடு அச்சகத்துக்குள் நுழைந்தவர். அதை நினைத்ததும் கொள்கை கொஞ்சம் பின்வாங்கியது.

மகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"டென்ஷனா இருக்கியாம்மா?"

"இல்லப்பா."

"இருந்தா சொல்லு. மறைக்காத."

"நெஜமா இல்லப்பா."

"இல்லன்னு சொல்ற குரலே சரியில்லையே!"

பத்து நிமிடத்தில் மறுபடி வந்தார். மூச்சை இழுத்து விட்டால் மனம் அடங்கும் என்றார். அவள் இழுத்து விட்டாள். அது தப்பு என்று தானே இழுத்துக் காட்டினார். இருமல் பிடித்துக்கொண்டது. மகள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அடுத்து, ஹால் டிக்கெட் தொலைந்துவிடக் கூடாதே என்று அதைப் பத்திரப்படுத்தினார். பத்திரப்படுத்திய இடம் மறந்துபோனது. மெத்தையைப் புரட்டி, அலமாரியைக் கவிழ்த்து, குப்பைக்கூடையைக் கொட்டித் தேடினார்கள். அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

மூன்று மணிக்கு மனைவி வந்தார். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ்; ஊசி போட்டது தெரியாமலே ஊசி போடுகிறவர் என்று பெயர். சமையலறையில் அம்மாவும் மகளும் குசுகுசுவென்று என்னவோ பேசினார்கள். பிறகு மனைவி கூடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, பேச்சுவார்த்தைக்கு வர்றீங்களா?"

செயலாளரின் முகம் மலர்ந்தது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"விஷயம்?"

"புள்ளைக்கு நிம்மதி. உங்க கோரிக்கைய எழுத்துல குடுங்க."

எழுத்தில் கொடு என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த மனிதர். மளமளவென்று எழுதினார். ஒன்று, மிக்ஸி ஓடக் கூடாது. இரண்டு, டிவியும் போனும் வாய் திறக்கக் கூடாது. மூன்று, பதற்றம் உண்டாக்குபவர் எவராயினும், உறவு பாராமல், தேர்வு முடியும்வரை வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவார். இந்த மூன்றாவது ஷரத்து மச்சானுக்காகவே எழுதியது. செருப்பைக் கழற்றும்போதே "மார்க் எவ்வளவு வரும்?" என்று கேட்கிற ஆசாமி.

"மூணாவதுல நீ தகராறு பண்ணுவ, எனக்குத் தெரியும்."

"நான் ஏங்க பண்றேன்?"

"உறவு பாராமல்னு போட்டிருக்கேன். தம்பி, தங்கச்சின்னு வரக் கூடாது."

"நல்லா அடிக்கோடு போடுங்க."

இரண்டு கோடு போட்டார். இருவரும் கையெழுத்திட்டார்கள். ஏழு நிமிடத்தில் முழு வெற்றி! முப்பது வருடத்தில் எந்த முதலாளியும் அவர் காலடியில் இப்படி விழுந்ததில்லை.

"இப்ப சாட்சியக் கூப்பிடலாமா?" என்றார் மனைவி.

"எதுக்குச் சாட்சி?"

மகள் பயிற்சி விடைத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். வரிசையாக வட்டங்கள் கருப்பாக்கப்பட்டிருந்தன.

"அப்பா, நீங்க உள்ள வரும்போதெல்லாம் ஒண்ணு கருப்பாக்கினேன். பதினேழு ஆச்சு. ஹால் டிக்கெட்டுக்கு மட்டும் ரெண்டு."

செயலாளர் ஷரத்தை மறுபடி படித்தார். ஓட்டையில்லாமல் எழுதுவதில் அவர் பேர்போனவர். இதிலும் ஓட்டை இல்லை.

"இது... இது தொழிலாளர் விரோதப் போக்கு!"

"கையெழுத்து உங்களுதுதானே?" என்றார் மனைவி.

"ஆமா, ஆனா..."

"ஒப்பந்தத்த மீறுறவன் மனுஷனே இல்லன்னு மைக் புடிச்சுப் பேசினது யாரு? மனிதாபிமான அடிப்படையில ஒம்பது மணிக்கு மேல வந்து படுத்துக்கலாம். வாயத் தொறக்காம."

மகளைப் பார்த்தார். அவள் அவர் கையில் குடையைக் கொடுத்து, "கவலப்படாதீங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள். தேர்வு தனக்கா அவளுக்கா என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

தெருமுனைப் பூங்காவில் ஒரு பெஞ்சு நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே வாட்டம். மாடி வீட்டுப் பல் வைத்தியர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் மகனுக்கும் நாளைக்குத்தான் தேர்வு.

"உங்களையுமா?" என்றார் செயலாளர்.

"மத்தியானமே."

செயலாளருக்கு ரத்தம் சூடேறியது. பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"தோழர்களே! நாம சிதறிக் கிடக்கறதாலதான் இந்த அடக்குமுறை. இப்பவே ஒரு சங்கம் அமைப்போம். எல்லாரும் ஒரே நேரத்துல வீட்டுக்குள்ள நுழைவோம்!"

பல் வைத்தியர் அவருடைய வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க சார். அம்மாக்கள் சங்கம் ஒண்ணு மூணு வாரமா ஓடிட்டிருக்கு. தலைவி உங்க வீட்டம்மாதான்."

செயலாளர் மெல்ல இறங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அவங்க கோரிக்கைதான் என்ன?"

"ஒண்ணே ஒண்ணு சார். இந்த பெஞ்சுல கடைசி இடமும் நிரம்பணும்."