துண்டுக்குப் பின்னால் ஒரு சார்ட்

இனி இந்த வீட்டில் எதையும் கேட்டு ஏமாறுவதில்லை, கணித்துவிட்டுத்தான் கேட்பது என்று தீர்மானித்தேன். இந்த வயதில் டெக்னிக்கல் அனாலிசிஸ் உயர்நிலை வகுப்பில், போன் வழியாகத்தான், சேர்ந்திருந்தேன். பங்கு விலை ஏறியதையும் இறங்கியதையும் படமாக வரைந்து, அடுத்து எங்கே போகும் என்று சொல்கிற வித்தை. விலைக்கே செல்லும் வித்தை மனைவியிடம் செல்லாதா?

அவசரக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஒரு சின்ன அறை. அதில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்துப் பங்கு வியாபாரம் பண்ண எனக்கு ஆசை. குடிவர அவள் தம்பிக்கு ஆசை. அவன் டிரம்பெட் பழகுகிறான். முன்பு அவன் ஊதிய ஒரே ஊதலில், அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வீட்டையே விற்றுவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே மனைவியின் மனநிலையைச் சார்ட்டாக வரைந்தேன். அவள் சிரித்தால் பச்சைக் கோடு, சீறினால் சிவப்பு. குளியலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டி, மேலே என் துண்டைத் தொங்கவிட்டேன். "கைமாறும் பங்குகளின் அளவு, அதாவது வால்யூம், கூடினால் போக்கு உறுதி" என்றார் போன் வாத்தியார். இவள் வால்யூமில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒருநாள் இவள் "ஏங்க!" என்றதற்கு அடுத்த தெருப் புருஷன்மார் மூன்று பேர் ஓடிவந்தார்கள். விலையை ஏறவிடாமல் முட்டுவது ரெசிஸ்டன்ஸ், விழவிடாமல் தாங்குவது சப்போர்ட். என் வீட்டில் முதலாவது தாராளம். இரண்டாவதைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாவது வாரம் அதிசயம் நடந்தது. டீயில் சர்க்கரை இருந்தது. என் ஜோக்குக்குச் சிரித்தாள். பச்சைக் கோடு ரெசிஸ்டன்ஸை உடைத்துக்கொண்டு மேலே போயிற்று. பிரேக்-அவுட்! இந்த இடத்தில் யோசிக்கக் கூடாது, குதிக்க வேண்டும். சமையலறைக்குள் குதித்தேன்.

"அந்தச் சின்ன ரூம்..."

"உங்களுக்கு வேணுமா? எடுத்துக்கோங்களேன்."

"உன் தம்பி?"

"கட்டின புருஷனை விடவா தம்பி பெருசு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா ரூமா அது? ஒரே ஒட்டடை, உடைஞ்ச பீரோ வேற. யாராச்சும் சுத்தம் பண்ணணுமே..."

"யாராச்சும் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

வருஷக்கணக்காக அவள் கெஞ்சியும் நான் எட்டிப் பார்க்காத அறை. ஒட்டடை அடித்தேன். கிழட்டுச் சிலந்தி ஒன்று வாடகை ரசீதைக் காட்டி வாதாடியது, காலி பண்ணவைத்தேன். பீரோவை முதுகில் சுமந்து மாடிப்படி இறங்கினேன். பெயின்ட் அடித்தேன், சுவருக்குப் பாதி, எனக்குப் பாதி.

பெயின்ட் காய்வதற்குள் வாசலில் மணி அடித்தது. மச்சினன்! ஒரு கையில் படுக்கை, மறு கையில் டிரம்பெட்.

"அத்தான்! எனக்காக நீங்களே பெயின்ட் அடிக்கிறீங்கன்னு அக்கா சொன்னப்போ நான் நம்பவே இல்ல!"

உள்ளே போய் ஒரு ஊது ஊதினான். காயாத பெயின்ட் தானாகக் காய்ந்தது.

நான் அவளிடம் ஓடினேன்.

"ரூம் எனக்குன்னு சொன்னியே! சார்ட்டும் அப்படித்தானே சொல்லிச்சு!"

"எது, துண்டுக்குப் பின்னாடி இருக்கே, அதுவா?"

"உனக்கு... எப்படி..."

"மூணு வாரமா ஒரு மனுஷன் துண்டைத் துவைக்கவே விடலைன்னா, எடுத்துப் பார்க்க மாட்டேனா? தினம் காலைல பார்த்துட்டுத்தான் அன்னிக்கு என்ன கலர்னு முடிவு பண்ணுவேன்."

"அப்போ அந்தச் சிரிப்பெல்லாம்?"

"கோடு தடையை உடைச்சுக்கிட்டு மேலே போற மாதிரி காட்டும். அவசரக்காரன் நம்பிக் குதிச்சதும் பொத்துனு கீழே விழும். ஃபால்ஸ் பிரேக்-அவுட்னு பேரு."

"இதையெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"உங்க வாத்தியார்தான். போன்ல வகுப்பு நடக்கறப்போ நீங்க பாட்டுக்குக் குறட்டை விட்டா, பாவம், அந்த மனுஷன் வேற யார்கிட்டதான் பேசுவார்?"