சைக்கிளுக்குப் போட்ட மாலை

எங்கள் வீட்டுப் பரணில் பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. தாம்பரத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள், பாதி பின்னிய பிறகுதான் எனக்கே அது தோன்றியது. அதற்குப் பக்கத்தில் நாலாவது பரீட்சையோடு நின்றுபோன ஹிந்திப் புத்தகங்கள். ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த ரவிக்கை. கார் ஓட்டக் கற்பதற்கு எடுத்த எல்.எல்.ஆர். மூன்று முறை காலாவதியாகியிருக்கிறது. நாற்பத்திரண்டு வயது வரை நான் முழுதாக முடித்தவை இரண்டே இரண்டு. ஒன்று பி.எட்., இன்னொன்று பிரசவம். (பிரசவத்தைப் பாதியில் விட வழியில்லை. இருந்திருந்தால் விட்டிருப்பேன்.)

என் கணவர் சேகர் இதற்கு நேரெதிர். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். அவர் கட்டிய பார்சலைப் பிரிக்க வேண்டுமென்றால் அவரையேதான் கூப்பிட வேண்டும். நான் புதிதாக ஏதாவது ஆரம்பித்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பரணை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் நான் டிரையத்லானில் பெயர் கொடுத்தேன். குளத்தில் நானூறு மீட்டர் நீந்தி, ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கின கையோடு ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். இழுத்துவிட்டது ஸ்டெல்லா. செலையூரில் நான் வேதியியல் எடுக்கும் அதே பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். அவள் குரலுக்கு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும். மூன்றாவது ஆள் என் பக்கத்து வீட்டுக் காமாட்சி. மண்ணிவாக்கத்தில் ஒரு காலத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். வயல் வீடுகளாகிவிட்டது. கொல்லையில் இரண்டு மாடு மட்டும் இன்னும் இருக்கிறது.

நீச்சல் கற்றுக்கொண்ட கதை தனி. எங்கள் பக்கத்து நீச்சல் குளத்தில் மத்தியானம் மூன்றிலிருந்து நாலு வரை பெண்கள் நேரம். அந்த வெயிலில் எந்த ஆம்பளையும் வர மாட்டான் என்பதால் பெண்களுக்குத் தாராளமாகக் கொடுத்த நேரம். முதல் மாதம் நான் குடித்த தண்ணீருக்குக் குளம் இரண்டு அங்குலமாவது இறங்கியிருக்கும். ஆனாலும் விடவில்லை. ஆறு மாதம் போனேன். எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியம்.

போட்டி வண்டலூரைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில். மூன்றையும் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடித்தால் மெடல். முடிக்காவிட்டால் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று போட்டு இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்திரண்டு வருஷமாக வீட்டுக்குள் மட்டும் இருந்த ரகசியத்தை ஊருக்கே தண்டோரா போட நானே பெயர் கொடுத்திருக்கிறேன்! மெடல் யாருக்கு வேண்டும்? அந்த ஒரு வார்த்தை என் பெயருக்குப் பக்கத்தில் வரக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை எழுந்து வாசலுக்கு வந்தால், என் மகள் நிலாவின் பழைய கியர் சைக்கிள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முன்னால் என் கை பருமனுக்கு ஒரு சாமந்தி மாலை, நடுநடுவே ரோஜா, கீழே குஞ்சம். பக்கத்தில் சேகர், கையில் கற்பூரத் தட்டோடு.

"என்னங்க இது?"

"பூஜை. ரோட்டுல போற வண்டி இல்லையா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பரணை மட்டுமே பார்த்துப் பழகின மனுஷன் எனக்காக நாலு மணிக்கு எழுந்து பூஜை போடுகிறாரே! கல்லூரியில் சைக்கிளை நிறுத்தும்போது நடுவர் ஒருவர் வந்து மாலையைப் பார்த்தார். பெரிய மீசை, கழுத்தில் விசில், மஞ்சள் கோட்டு. "மேடம், இதக் கழட்டிடலாமே" என்றார்.

"சாமி மாலை சார். கழட்டக் கூடாது" என்றேன். (எந்தச் சாமி சொன்னது? ஒரு சாமியும் சொல்லவில்லை. என் வாய்க்கொழுப்பு.)

நீச்சலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூழ்கவில்லை. மேலே ஏறி மூச்சு வாங்கி, சட்டை மாட்டி, ஹெல்மெட் கட்டி வெளியே வரும்போது இருபத்தேழு நிமிடம். சைக்கிள்தான் என் பலம். வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் காலைக் காற்று முகத்தில் அடிக்க, மாலை முன்னால் ஆட, சும்மா பறந்தேன். ஸ்டெல்லாவையும் காமாட்சியையும் பின்னால் விட்டுவிட்டேன். கண்டிகையைத் தாண்டி ஓர் இடத்தில் ஆரஞ்சு கூம்பு வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தேன்.

கூம்புக்குப் பக்கத்தில் ஒரு மாடு நின்றது.

நம் ஊர் மாடுகளுக்கு ஆயுத பூஜை என்றைக்கு என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். எந்த ஆட்டோவில் மாலை, எந்த லாரியில் வாழைக்கன்று என்று தெருத் தெருவாகப் பார்த்துத் தின்று வளர்ந்தவை. அந்த மாட்டுக்கு அன்றைக்கு வீடு தேடி மாலை வந்திருக்கிறது. சும்மா விடுமா? ஒரே எட்டு. குஞ்சம் வாய்க்குள் போய்விட்டது. சைக்கிள் நின்றது. நான் ஒரு காலைத் தரையில் ஊன்றித் தொங்கினேன்.

"ஏ... ஹே... போ!" என்றேன். அது கண்ணை மூடி மென்றது. நான் பின்னால் இழுத்தேன். அது முன்னால் இழுத்தது. மாலை அறுந்தால் பரவாயில்லை என்று பார்த்தால், ஹேண்டில்பாரில் கட்டியிருப்பது பூ நார் இல்லை, பிளாஸ்டிக் கயிறு. கட்டியவர் ஸ்டோர்ஸ்காரர். நாலு முடிச்சு!

மோட்டார் சைக்கிளில் அந்த மீசை நடுவர் வந்து நின்றார். "சார், காப்பாத்துங்க!" என்றேன்.

"நான் தொடக் கூடாது மேடம். வெளியாள் ஹெல்ப் பண்ணா உங்கள டிஸ்குவாலிஃபை பண்ணணும்."

"சைக்கிளத் தொடாதீங்க. மாட்டத் தொடுங்க!"

அவர் நிஜமாகவே யோசித்தார். "மாட்டப் பத்தி ரூல்ஸ்ல ஒண்ணும் போடல மேடம். எதுக்கும் கேட்டுடறேன்" என்று போனை எடுத்தார். "ஹலோ சார். திரும்புற இடத்துல ஒரு பிரச்சனை. மாடு சார். இல்ல சார், போட்டியாளர் இல்ல, மாடு. நம்பரா? மாட்டுக்கு நம்பர் இல்ல சார்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கையிலிருந்த கடிகாரத்தில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. முடிக்கவில்லை, முடிக்கவில்லை என்று அது சொல்வது மாதிரியே இருந்தது. போனை வைத்துவிட்டு நடுவர் சொன்னார்: "நான் தொடக் கூடாதாம். ஆனா இன்னொரு போட்டியாளர் தொடலாமாம்."

இன்னொரு போட்டியாளர் அப்போதுதான் வந்தாள். ஸ்டெல்லா. பார்த்ததும் பிரேக்.

"நீ போ ஸ்டெல்லா, உனக்கு டைம் போகுது" என்றேன்.

"வாய மூடு" என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு மாட்டுக்கு எதிரே போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏய்! இப்ப விடப் போறியா இல்லையா? ஒன், டூ..." ஒன்பது பி நடுங்கும் அதே குரல். நடுவர்கூட ஓரடி பின்னால் போனார். மாடு காதை மட்டும் ஒரு தரம் ஆட்டியது. 'த்ரீ' சொன்ன பிறகு என்ன செய்வது என்று ஸ்டெல்லாவுக்கும் தெரியவில்லை. வகுப்பில் அதுவரை யாரும் த்ரீ வரைக்கும் விட்டதில்லையாம்.

கடைசியாகக் காமாட்சி வந்து சேர்ந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, டீச்சருங்க ரெண்டு பேரும் மாட்டாண்ட சண்ட போட்டுகினு கீறீங்க! நீ இழுக்க இழுக்க அது வுடாதுக்கா. அதவுட நல்லதா ஒண்ணக் காட்டணும்." முதுகுப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். ஓட்டத்துக்கு முன்னால் தின்பதற்காக அவள் கொண்டுவந்த ஒரே பழம். மாட்டின் மூக்குக்குக் கீழே ஆட்டி, "வாம்மா, என் ராஜாத்தி, வா" என்றாள். மாடு மாலையைத் துப்பிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டது. காமாட்சி அப்படியே குனிந்து பிளாஸ்டிக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மாலை கையோடு வந்துவிட்டது. குஞ்சமும் ஒரு பக்கத்துச் சாமந்தியும் போக, மீதி அப்படியே இருந்தது. ஓரமாகப் போடப் போனேன். பீ...! நடுவர் விசில்.

"ரோட்ல குப்ப போட்டா ரெண்டு நிமிஷம் பெனால்ட்டி."

"மாட்டுக்கே போட்டுடறேன் சார்!"

"கீழ விழுந்தா குப்பதான் மேடம்."

"வாழைப்பழத் தோலு?" என்று ஸ்டெல்லா சந்தேகம் கேட்டாள். (கணக்கு டீச்சர் புத்தி!) நடுவர் குனிந்து பார்த்தார். தோலோடு முழுங்கியிருந்தது. காமாட்சி தப்பித்தாள்.

வேறு வழி? மாலையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். போனது பதினோரு நிமிடம்.

திரும்பி வந்த வழியை என்னால் மறக்கவே முடியாது. டீக்கடை வாசலில் நின்றவர்கள் கழுத்தில் மாலையோடு ஒருத்தி சைக்கிளில் வருவதைப் பார்த்ததும் கைதட்டினார்கள். "ஜெயிச்சிட்டாங்கப்பா!" என்று ஒருவர் கத்தினார். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் கும்பிட்டார். நானும் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டேன். வார்டு கவுன்சிலர் என்று நினைத்திருப்பார். அது பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்கள் தட்டத் தட்ட என் கால் தானாக மிதித்தது.

சைக்கிளை வைத்துவிட்டு மணி பார்த்தேன். மீதி முப்பத்து மூன்று நிமிடம். ஐந்து கிலோமீட்டரில் என் வாழ்நாள் சாதனையே முப்பத்தாறு. மாலையைக் கழற்றக்கூட நிற்கவில்லை. காமாட்சி வெறும் வயிற்றோடு முன்னால் ஓடிவிட்டாள். ஸ்டெல்லா என் பக்கத்திலேயே ஓடினாள். மூச்சு விடுவதற்கே வழியில்லாதபோதும் அவள் வாய் மட்டும் ஓயவில்லை. "நின்ன, அவ்ளோதான்! மாட்டுக்குச் சொன்ன மாதிரி மூணு எண்ண மாட்டேன்!" நாலாவது கிலோமீட்டரில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. நின்றுவிடலாம் என்று தோன்றியது. எனக்கு நன்றாகப் பழகின எண்ணம்தான் அது. ஒவ்வொன்றையும் சரியாக இந்த இடத்தில்தான் விட்டிருக்கிறேன். காமாட்சியின் பழம் ஞாபகம் வந்தது. நான் நின்றால் அந்தப் பழம் தண்டம். ஓடினேன்.

கடைசி வளைவில் திரும்பியபோது மைக்கில் ஒருவர், "இதோ நமது சிறப்பு விருந்தினர் ஓடி வந்துகொண்டிருக்கிறார்" என்று அறிவித்தார். மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "யோவ், அது எங்க உஷாக்காய்யா! ஓடியாக்கா! ஓடியா!" என்று முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காமாட்சி தொண்டை கிழியக் கத்தினாள்.

இரண்டு மணி பதினாலு நிமிடம் பத்து வினாடி. ஐம்பது வினாடி மிச்சம்! ஸ்டெல்லாவும் நானும் கைகோத்தபடி கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தோம். முடித்துவிட்டேன். நான் முடித்துவிட்டேன்! எழுந்திருக்காமலே நாலு தரம் சத்தமாகச் சொன்னேன். நிலா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சேகர் மட்டும் தள்ளி நின்று என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

பெருங்களத்தூரில் ஒரு ஓட்டலில் எல்லோரும் பொங்கல் வடை சாப்பிடும்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"உஷா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த மாலை சைக்கிளுக்கு வாங்கல. உனக்குத்தான் வாங்கினேன். முடிச்சிட்டு வரும்போது கழுத்துல போடலாம்னு. காலைல எழுந்ததும் பயமாயிடுச்சு. ஒருவேளை நீ முடிக்கலன்னா, நான் கையில மாலைய வெச்சிக்கிட்டு நின்னா, உனக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கும்? அதான் சைக்கிளுக்குக் கட்டிட்டேன்."

கோபம் சுர்ரென்று வந்தது. இருபது வருஷக் குடித்தனம், இவ்வளவுதானா நம்பிக்கை! அடுத்த நொடி, பூக்கடையில் எனக்காக ரோஜா வைத்த மாலையாகப் பார்த்துக் கேட்டு வாங்கியிருப்பாரே என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. எதற்கு என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே அழுதேன். ஸ்டெல்லாதான் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாடே மாலைய இவ கழுத்துக்கு மாத்தி விட்டுச்சு. அப்ப அந்த மாட்டுக்கு இருந்த நம்பிக்கைகூட உங்களுக்கு இல்லையாண்ணா?"

"இல்லம்மா" என்றார் பரிதாபமாக. ஓட்டலே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சேகர் எதற்காவது தயங்கினால் மாட்டைத்தான் இழுப்போம். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன் என்று நிலா சொன்னபோது, "உன்னால தனியா இருக்க முடியுமா?" என்று அவர் ஆரம்பித்தார். "மாட்டக் கேளுங்கப்பா" என்றாள் அவள். மறுநாள் பெட்டியை அவரே கட்டினார். (திறக்க விடுதிக் காவலாளி வர வேண்டியிருந்ததாம்.)

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் இன்னும் நாலு டிரையத்லான் முடித்துவிட்டோம். சைக்கிளுக்கு இப்போது வெறும் சந்தனப் பொட்டுதான். சேகர் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், நான் தண்ணீரில் குதிக்கிற நேரத்திலிருந்தே, சாமந்தி மாலையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். உட்காருங்கள் என்றாலும் உட்காருவதில்லை. ஏதாவது மாடு அந்தப் பக்கம் வந்தால் மட்டும் மாலையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொள்கிறார்.